பாட்டிலின் அளவுதான் கணக்கு, உள்ளே மிச்சம் இருப்பது இல்லை

ஏப்ரலில் நான்கு நாள் செக் நாட்டுத் தலைநகர் பிராக் போகிறேன், கைப்பை மட்டும் போதுமா என்று கேட்டவருக்கு மேலே ஒருவர் தந்த பதில்: “200 மில்லி ஷாம்பு பாட்டிலில் கால்வாசிதான் இருக்கு, அப்படியே எடுத்துட்டுப் போங்க, விட்டுடுவாங்க.” விட மாட்டார்கள். பல விமான நிலையங்களில் கைப்பையில் வரும் திரவத்துக்கு 100 மில்லிதான் வரம்பு; அந்த விதி பாட்டிலின் கொள்ளளவுக்கு. அடியில் ஒரு சொட்டு இருந்தாலும், மேலே 200 என்று அச்சிட்டிருந்தால் குப்பைத்தொட்டிக்குத்தான். என்னுடைய 150 மில்லி சன்ஸ்கிரீன் அப்படித்தான் போனது. டியூபைப் பிதுக்கிக் காட்டியும் பலனில்லை.

பற்பசை, ஹேர் ஜெல், ஜாம் எல்லாமே திரவக் கணக்கில் சேரும். எல்லாம் ஒரு லிட்டர் கொள்ளும் ஒளிபுகும் பைக்குள் அடங்க வேண்டும். சோப்புக் கட்டி, ஷாம்புக் கட்டி என்றால் இந்தத் தலைவலியே இல்லை.

சரி, ஸ்காட்லாந்தின் எடின்பரோ மாதிரி சில விமான நிலையங்களில் புதிய ஸ்கேனர் வந்து, 2025 முதல் 2 லிட்டர் வரை விடுகிறார்கள். மேலே பதில் சொன்னவர் அதைக் கேள்விப்பட்டுக் குழப்பிக்கொண்டிருக்கலாம். ஆனால் போகும்போது தாண்டிய பாட்டில் திரும்பும்போது மாட்டலாம். இரண்டு விமான நிலையங்களின் விதியையும் பாருங்கள்.

அப்புறம், “கேபின் பெட்டி எல்லா டிக்கெட்டிலும் இலவசம்” என்று பலர் நினைப்பதும் தவறு. மலிவு விமான நிறுவனமான விஸ் ஏரின் அடிப்படை டிக்கெட்டில் சீட்டுக்கு அடியில் நுழையும் 40×30×20 செ.மீ. பைதான். சக்கரம், கைப்பிடி எல்லாம் சேர்த்து அளந்துகொள்ளுங்கள். தடிமனான ஜாக்கெட்டைப் பையில் திணிக்காமல் போட்டுக்கொண்டே ஏறுங்கள், பிராக்கில் ஏப்ரல் காலை நன்றாகவே குளிரும்.