எந்த ஜோக்கர், தம்பி?

"அண்ணே, முடியை ஜோக்கர் மாதிரி பண்ணிவிடுங்கள்."

"எந்த ஜோக்கர்?"

"ஜோக்கர்தான் அண்ணே. பேட்மேன் படத்தில் வருவானே, அந்தப் பச்சை முடி வில்லன்."

"அதைத்தான் கேட்கிறேன். 1989இல் ஜாக் நிக்கல்சன் படிய வாரியிருப்பார். 2008இல் ஹீத் லெட்ஜர் தலைக்குக் குளித்துப் பல மாதமானது போல் பிசுக்கோடு இருப்பார். அதற்கு என்னிடம் வரவே வேண்டாம். சும்மா வீட்டில் இருந்தாலே வந்துவிடும்."

"2019 ஜோக்கர்."

"வாக்கீன் ஃபீனிக்ஸ். பின்னால் கழுத்து வரைக்கும் தொங்கும். உனக்கு அவ்வளவு வளர ஆறு மாதமாவது ஆகும். சரி, மீசை இருக்கட்டுமா, எடுக்கட்டுமா?"

"மீசையில் கை வைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போகிறோம்."

"பச்சைத் தலையோடா?"

"தலை ஸ்டைல் அண்ணே. மீசை மரியாதை."

"அப்படியென்றால் நீ கேட்பது 1966."

"ஜோக்கருக்கு மீசை ஏது?"

"இருந்தது. டிவி தொடரில் நடித்த சீசர் ரொமேரோ மீசையை எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். அதற்கு மேலேயே வெள்ளைச் சாயத்தைப் பூசிவிட்டார்கள். கேமரா கிட்டே போனால் சாயத்துக்கு அடியில் மீசை தெரியும். ஊரையே மிரட்டுகிற வில்லன், ஆனால் மீசை மட்டும் போகக் கூடாது. உன்னை மாதிரியே."

(பெஞ்சில் என் முறைக்காகக் காத்திருந்தேன். அன்று முழுக்க அவர் அந்த மீசையை விடவில்லை.)

"கிண்டல் பண்ணாதீர்கள் அண்ணே. ஜோக்கர் வெறும் வில்லன் இல்லை, ஒரு தத்துவம். என் ஸ்டேட்டஸைப் பாருங்கள். ஒரே ஒரு மோசமான நாள் போதும், எவனும் ஜோக்கர் ஆகிவிடுவான்."

"எந்தக் கதையில் வருகிறது?"

"வாட்ஸ்அப்பில் வந்தது."

"1988, தி கில்லிங் ஜோக் என்கிற காமிக்ஸ். ஆலன் மூர் எழுதியது. அதை நிரூபிக்கத்தான் ஜோக்கர் போலீஸ் கமிஷனர் கோர்டனின் மகளைச் சுட்டு நடக்க முடியாமல் செய்துவிட்டு, அவரையும் தூக்கிக்கொண்டு போய் வதைக்கிறான். கோர்டனுக்குப் பைத்தியம் பிடித்ததா?"

"பிடிக்கவில்லையா?"

"இல்லை. அவனைச் சட்டப்படியே பிடி என்று பேட்மேனிடம் சொல்கிறார். ஜோக்கர் கணக்குத் தப்பு, அதுதான் கதை. நீங்கள் அவன் பேச்சை ஸ்டேட்டஸ் வைத்துவிட்டு, பதில் வருகிற பக்கத்தில் புத்தகத்தை மூடிவிடுகிறீர்கள். எனக்கு வாரத்தில் மூன்று நாள் மோசமான நாள்தான். கத்தியும் என் கையில்தான் இருக்கிறது. உன் கழுத்து நன்றாகத்தானே இருக்கிறது?"

"அதைக் கீழே வைத்துவிட்டுப் பேசுங்கள் அண்ணே."

"வைத்துவிட்டேன். சொல்."

"இருந்தாலும் அவன் வாய் கிழிந்த கதையைக் கேட்டால் பாவமாக இருக்கும். குடிகார அப்பா…"

"அது 2008 படத்தில் அவன் சொல்கிற முதல் கதை. அதே படத்தில் கொஞ்ச நேரம் கழித்து, பெண்டாட்டிக்காக நானே கிழித்துக்கொண்டேன் என்பான். பாக்கியைக் கேட்டால் ஒரு தடவை ஏடிஎம் வேலை செய்யவில்லை, அடுத்த தடவை மாமனார் ஆஸ்பத்திரியில் என்பார்களே, அந்த ரகம். நிஜமாகவே பாவப்பட்டவன் வேறு ஒருவன். விக்டர் ஹியூகோ 1869இல் எழுதிய நாவலில் வருகிறான். சின்ன வயதிலேயே முகத்தை வெட்டி, எப்போதும் சிரிக்கிற மாதிரி ஆக்கிவிடுவார்கள். 1928இல் படமாக வந்தபோது கான்ராட் வைட் நடித்தார். 1940இல் காமிக்ஸில் ஜோக்கருக்கு வந்தது அந்தச் சிரிப்புதான்."

"அவனும் கொலைகாரனா?"

"தங்கமான மனுஷன். சிரிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிட்டார்கள். நீயும் முடியை மட்டும்தானே கேட்கிறாய்?"

"முடி வெட்ட வந்தவனுக்குப் பரீட்சை வைக்கிறீர்களே!"

"சரி, விடு. கறுப்பு முடியில் பச்சை நேராக ஏறாது. முதலில் வெளுக்க வேண்டும். கொஞ்சம் எரியும். ஆரம்பிக்கலாமா?"

"எரியுமா?"

"ஒரே ஒரு மோசமான நாள்தானே?"

பையன் கண்ணாடியைப் பார்த்தான். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்தான்.

"சாதாரணமாகவே வெட்டிவிடுங்கள் அண்ணே. சைடில் மட்டும் கொஞ்சம் குறைத்து."

"மீசை?"

"லேசாக ட்ரிம் பண்ணுங்கள்."

"வெள்ளைச் சாயம் எதுவும்…"

"அண்ணே!"

"சரி சரி, தலையைக் குனி."