நேஷன்ஸ்டேட்ஸில் அரசை அமைப்பது கேம் இல்லை, ஆட்கள்

ஆட்கள் கற்பனை நாடுகளை நடத்தும் இணைய விளையாட்டு நேஷன்ஸ்டேட்ஸ். “அதில் பிரதமர், சட்டம் எல்லாம் கேமே தரும், ஆட்களுக்கு அலுத்தால் ஆறு மாதத்தில் எல்லாம் முடிந்துவிடும்” என்று தம்பி எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே பிழை.

மென்பொருளுக்குத் தெரிந்தது ஆதரவுக் கணக்கு போன்ற சில விதிகள்தான். நாடுகள் சேர்ந்திருக்கும் குழு ஒரு பிராந்தியம்; கேமுக்குள் ஐ.நா. போல இருப்பது உலக மன்றம். ஒரு பிராந்தியத்தில் அந்த மன்ற உறுப்பு நாடுகளின் ஆதரவை அதிகம் பெற்றவர்தான் அந்தப் பிராந்தியத்தின் பிரதிநிதி. ஒருவர் எத்தனை நாடு வைத்திருந்தாலும் மன்றத்தில் ஒன்றுக்குத்தான் இடம். அரசியல் யாப்பு, அமைச்சரவை, நீதிமன்றம் எல்லாம் ஆட்கள் தாங்களே எழுதிக்கொண்டவை. பிரதிநிதி அந்த யாப்பைத் தூக்கி எறிந்தால் கேம் தடுக்காது. அப்படிக் கவிழ்ப்புகள் நடந்தும் இருக்கின்றன.

கிளிநொச்சியில் எங்கள் சனசமூக நிலையமும் இதே கதைதான். பழைய செயலாளர் அலுமாரித் திறப்பைத் தராவிட்டால் பொலிஸா வரப்போகிறது? ஆனாலும் பொதுக்கூட்டம் முடிந்த கையோடு திறப்பும் கணக்குக் கொப்பியும் மேசைக்கு வந்துவிடும். (ஒருவர் மூன்று மாதம் இழுத்தடித்தார், அது வேறு கதை.)

ஆயுளைப் பற்றி: 2002இல் ஒரு நாவலுக்கு விளம்பரமாகத் தொடங்கிய விளையாட்டு இது. இருபது வருடம் கடந்த பிராந்தியங்கள் இருக்கின்றன. 28 நாள் உள்ளே போகாவிட்டால் மறைவது உங்கள் நாடு மட்டும். விடுமுறை என்று போட்டுவிட்டுப் போனால் 60 நாள் தாங்கும்.