கட்டம் போட்ட சாரனும் பதினாறு பிக்சலும்

மனிதர்களை உருவாக்கி, உடுத்தி, வீடு கட்டி வாழவைக்கும் சிம்ஸ் 4 என்ற கணினி விளையாட்டுக்கு நம்முடைய உடைகளைச் செய்து பகிரும் பிள்ளைகளின் பதிவுகளைச் சில மாதங்களாகக் கவனித்து வருகிறேன். சேலை, பாவாடை தாவணி, வேட்டி, சாரன் என்று ஒவ்வொன்றாக வருவதைப் பார்க்கச் சந்தோசமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அவற்றிற் பெரும்பாலானவை துணியாக இல்லை. துணியின் புகைப்படத்தை உடம்பில் ஒட்டிவிட்டதுபோல இருக்கின்றன. இதற்குக் கைத்திறன் குறைவு காரணம் என்று நான் நினைக்கவில்லை. செய்த உடையை விளையாட்டுக்குள் கொண்டுபோகும் பேக்கேஜ் கோப்புக்குள் படங்கள் எத்தனை வகையாக இருக்கின்றன, எந்த வகை எந்த வேலையைச் செய்கிறது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. "பிஎன்ஜியை (சாதாரணப் படக்கோப்பை) இம்போர்ட் பண்ணு, சேவ் பண்ணு" என்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது. நானும் அதே பாடத்தைப் படித்து, அதே தவறுகளைச் செய்து முடித்தவன்.

2022 ஒக்டோபரில் அடிப்படை விளையாட்டு இலவசமாக்கப்பட்ட பிறகுதான் சிம்ஸ் 4 எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது. அக்காவின் மகள் மட்டக்களப்பு மாவட்டத்துப் பெரியகல்லாற்றில் உள்ள எங்கள் வளவைப் போலவே முற்றமும் வேலியும் வைத்து ஒரு வீட்டைக் கட்டி முடித்துவிட்டு, "மாமா, அம்மப்பா கட்டுற மாதிரிச் சாரன் இதில இல்லையா?" என்று கேட்டாள். இருக்கவில்லை. மும்பையின் தெரு உடைகளை அடியொற்றி 2021 இல் ஃபேஷன் ஸ்ட்ரீட் கிட் என்ற சிறு பொதி வெளிவந்தது உண்மை. அதற்காகக் கல்முனைக் கரையோரத்துச் சாரனும் ஒருநாள் வரும் என்று காத்திருக்க முடியாதல்லவா? அச்சகத்தில் பக்கம் வடிவமைப்பதே என் தொழில் என்பதால், படம் திருத்துவது எனக்குப் புதிதல்ல என்ற துணிச்சலில் நானே இறங்கினேன்.

அப்பா கட்டுவது மருதமுனைக் கைத்தறிச் சாரன். அதில் ஒன்றை ஸ்கேன் செய்து, போட்டோஷொப்பில் நிறத்தைச் சரிபார்த்து, விளையாட்டுக்கு உடை செய்யும் மென்பொருளான சிம்ஸ் 4 ஸ்டூடியோவில், விளையாட்டில் ஏற்கெனவே உள்ள ஒரு நீளப் பாவாடையைக் குளோன் (பிரதி) எடுத்து அதன்மேல் ஏற்றினேன். உடையின் முப்பரிமாண உருவமான மெஷ்ஷை பிளெண்டர் மென்பொருளில் ஆண் உடம்புக்கு ஏற்பத் திருத்திய பாடு தனிக்கதை. அதை இங்கே விட்டுவிடுகிறேன். வேலை முடிந்த பெருமையில், பெரியநீலாவணையைத் தாண்டி மருதமுனைக்குப் போனபோது, அப்பாவுக்கு வழமையாகச் சாரன் நெய்து கொடுக்கும் காக்காவிடம் (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) தொலைபேசியில் படத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, நிறமெல்லாம் சரி. ஆனா இது நெய்ததில்ல, அச்சடிச்ச துணி" என்றார். நான் அச்சகக்காரன் என்பதை நினைத்து அவர் அப்படிச் சொல்லவில்லை, ஆனாலும் சுருக்கென்றிருந்தது.

அவர் கண்டது என்ன என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு கிழமை பிடித்தது. பாவில் (நீளவாக்கு நூலில்) சிவப்பும் ஊடையில் (குறுக்கு நூலில்) மஞ்சளும் ஓடுகிற இடத்தில் செம்மஞ்சள் என்றொரு நூல் கிடையாது. சிவப்பு இழையும் மஞ்சள் இழையும் மாறி மாறி மேலே வருவதைக் கண்தான் கலந்து பார்க்கிறது. என் சாரனில் அந்த இடங்கள் கலங்கிய ஒரே நிறமாகக் கிடந்தன. கட்டத்தின் மெல்லிய கோடுகளோ படிக்கட்டுப் போலப் பிசிறடித்திருந்தன. ஸ்கேன் செய்த மூலப்படத்தில் இந்தக் குறை இல்லை. ஆகவே படம் பேக்கேஜ் கோப்புக்குள் போகும் வழியில்தான் எதுவோ நடந்திருக்க வேண்டும்.

நடந்தது இதுதான். இந்த விளையாட்டில் உடைகளின் வண்ணப்படம் பெரும்பாலும் ஆர்எல்இ2 என்ற ரிசோர்ஸ் (பேக்கேஜ் கோப்புக்குள் இருக்கும் தனித்தனிப் பொருள்) வகையாக வைக்கப்படுகிறது. அதன் அடியில் இருப்பது டிஎக்ஸ்டி5 என்ற அமுக்க முறை. இம்முறை படத்தை நான்குக்கு நான்கு பிக்சல் (படத்தின் ஆகச் சிறிய புள்ளி) கொண்ட சதுரங்களாக வெட்டி, ஒவ்வொரு சதுரத்துக்கும் இரண்டு நிறங்களை மட்டும் எழுதி வைக்கிறது. அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மேலும் இரண்டு நிறங்களைக் கணக்கிட்டு எடுத்துக்கொள்கிறது. சதுரத்திலுள்ள பதினாறு பிக்சல்களும் அந்த நான்கு நிறங்களில் ஒன்றைத்தான் ஏற்றாக வேண்டும். 64 பைட் பிடிக்க வேண்டிய சதுரம் இதனால் 16 பைட்டுக்குள் அடங்குகிறது. 1024க்கு 2048 பிக்சல் கொண்ட ஓர் உடைப்படம் 8 மெகாபைட்டிலிருந்து 2 மெகாபைட்டாகக் குறைகிறது. ஜீன்ஸுக்கும் ஒற்றை நிறச் சேர்ட்டுக்கும் இது அருமையான ஏற்பாடு, ஏனென்றால் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் அங்கே ஒன்றுக்கொன்று நெருங்கிய நிறங்களாகவே இருக்கும். கருநீலக் கோடும் மஞ்சள் கோடும் சிவப்புத் தரையும் ஒரே சதுரத்துக்குள் சந்திக்கும் கட்டச் சாரனில், இரண்டு நிறங்களுக்கு இடையே இழுத்த ஒரு நேர்கோட்டில் மூன்றாவது நிறத்துக்கு இடமே கிடையாது. அதைத்தான் காக்கா அச்சு என்றார்.

இங்கே ஒரு தப்பெண்ணத்தைத் தெளிவாக்க வேண்டும். "ஆர்எல்இ2 படத்தைக் கெடுக்கிறது" என்று பலரும் எழுதுகிறார்கள். கெடுப்பது டிஎக்ஸ்டி5. அதன் மேலே ஆர்எல்இ2 செய்வதெல்லாம், முழுக்க வெறுமையான சதுரங்கள், முழுக்க நிரம்பிய சதுரங்கள், அரைகுறையாகத் தெரியும் சதுரங்கள் என்று பிரித்து, தொடர்ந்து வருபவற்றை எண்ணி எழுதுவதுதான். அந்தக் கட்டத்தில் எந்த நிறமும் தொலைவதில்லை. சிம்ஸ் 4 இல் தலை, மேலுடை, கீழுடை, செருப்பு எல்லாவற்றுக்கும் ஒரே படத்தாளில் இடம் ஒதுக்கப்பட்டிருப்பதால், ஒரு சாரனின் படத்தில் பெரும்பகுதி வெறுமையாகவே கிடக்கும். அந்த வெறுமையைச் சுருட்டி வைப்பதற்கு இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரியவில்லை.

இதற்கு மாற்றாக இருப்பது எல்ஆர்எல்இ என்ற இன்னொரு ரிசோர்ஸ் வகை. அது ஒரு சதுரத்துக்கு இரண்டு நிறம்தான் என்று கட்டுப்படுத்துவதில்லை. படத்தில் உள்ள நிறங்களைத் தொகுத்து வைத்துக்கொண்டு, பிக்சல் பிக்சலாக எது எங்கே என்பதைக் குறிக்கிறது. கட்டம், கரை, சரிகை, நுண்ணிய பூவேலை உள்ள துணி எதுவானாலும் மூலப்படத்திலிருந்து நேராக எல்ஆர்எல்இக்குப் போக வேண்டும் என்பதே என் கருத்து. "நேராக" என்ற சொல்லை அழுத்தியே எழுதுகிறேன். சென்ற மாதம் ஒரு தம்பி தன் பழைய சேலைகள் முழுவதையும் ஒரே தட்டில் எல்ஆர்எல்இக்கு மாற்றிவிட்டதாகவும் தெளிவு இரட்டிப்பாகிவிட்டதாகவும் எழுதியிருந்தார். நூறு பேர் வாழ்த்தியிருந்தார்கள். ஆர்எல்இ2 இல் ஏற்கெனவே தொலைந்த நிறம் பெட்டியை மாற்றுவதால் திரும்பி வராது. சாயம் போன துணியைப் புதிய பையில் போட்டுக் கொடுத்த கதைதான் அது. அதே காரணத்தால், வெளியிட்ட பேக்கேஜிலிருந்து படத்தை ஏற்றுமதி செய்து, திருத்தி, திரும்பவும் உள்ளே போடுவதைப் பழக்கமாக வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக இழந்துகொண்டிருக்கிறார்கள். அடுக்குகள் கலையாத மூலக்கோப்பைப் பத்திரமாக வைத்து அதில் மட்டும் திருத்துங்கள்.

எல்ஆர்எல்இ போட்டும் பிசிறு தெரிகிறதென்றால் விளையாட்டின் கிராபிக்ஸ் அமைப்பைப் பாருங்கள். சிம்களின் (விளையாட்டு மனிதர்களின்) படங்களை அமுக்காமல் காட்டும் தெரிவு ஒன்று அங்கே இருக்கிறது. அது அணைந்திருந்தால், நீங்கள் பார்த்துப் பார்த்துச் செய்த உடை உடம்பில் சேரும்போது மறுபடியும் அமுக்கப்படுகிறது. நம் ஊரில் நினைவகம் குறைந்த பழைய லெப்டொப்பில்தான் பலர் விளையாடுகிறார்கள், அவர்களால் அதை ஏற்றி வைக்க முடியாது. அவர்களை நினைத்துத்தான் நான் இன்னொரு வேலையும் செய்தேன்: சாரனின் கோடுகளை நான்கு பிக்சல் எல்லைகளில் தொடங்கி நான்கு பிக்சல் எல்லைகளில் முடியும்படி நகர்த்தினேன். அப்படிச் செய்தால் ஒரு சதுரத்துக்குள் இரண்டு முக்கிய நிறங்களுக்கு மேல் வருவது அரிதாகிறது, அமுக்கினாலும் கட்டம் நிற்கிறது. எட்டின் மடங்காக வைக்க முடிந்தால் இன்னும் நல்லது; கேமரா விலகும்போது விளையாட்டு எடுத்துக்கொள்ளும் பாதி அளவுப் பிரதியிலும் கோடுகள் எல்லையில் நிற்கும். தறியில் உட்காருகிறவர் இழையை எண்ணிக் கட்டம் போடுவது போன்ற வேலை இது. மூன்று இரவுகள் போயின.

இனி வகை எண்ணைப் பற்றி. பேக்கேஜ் கோப்புக்குள் ஒவ்வொரு ரிசோர்ஸுக்கும் டைப், குரூப், இன்ஸ்டன்ஸ் என்று மூன்று எண்கள் உண்டு. இவற்றில் டைப் என்பது உள்ளே என்ன இருக்கிறது என்று விளையாட்டுக்குச் சொல்லும் பெயர்ப்பலகை, அவ்வளவுதான். பேக்கேஜ் கோப்பைத் திறந்து திருத்தும் எஸ்4பிஇ மென்பொருளில் ஓர் ஆர்எல்இ2 ரிசோர்ஸைத் தெரிவுசெய்து, அதன் இடத்தில் பிஎன்ஜி கோப்பு ஒன்றை அப்படியே திணித்துவிட்டு, சாரன் ஏன் வரவில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மண்டையை உடைத்தவன் நான். எண் மாறவில்லை, கோப்பும் பிழையின்றித் திறந்தது, ஆனால் உள்ளே இருந்தது வேறு சரக்கு. தேங்காய் என்று எழுதிய சாக்கில் வெங்காயத்தை நிரப்பினால் சந்தையில் யாரும் விலை கேட்கமாட்டார்கள். இதன் மறுபக்கமும் உண்டு: 00பி2டி882 என்ற எண் முந்தைய விளையாட்டான சிம்ஸ் 3 இலும் டிடிஎஸ் என்ற வகைப் படத்தைக் குறித்தது, சிம்ஸ் 4 இலும் குறிக்கிறது, ஆனால் சிம்ஸ் 4 இல் அந்த எண்ணின் கீழ் வரும் படங்கள் பல, துண்டுகள் இடம் மாற்றி அடுக்கப்பட்ட டிஎஸ்டி வடிவத்தில் இருக்கின்றன. எண் ஒன்றாக இருப்பதை மட்டும் நம்பிப் பழைய படங்களைத் தூக்கி வராதீர்கள்.

வண்ணப்படத்தை மட்டும் மாற்றிவிட்டு மற்றவற்றை மறந்துவிடுவதுதான் என் கண்ணை அதிகம் உறுத்தும் குறை. பளபளப்பைச் சொல்லும் படம் ஆர்எல்இஎஸ் என்ற தனி வகையில் இருக்கிறது, மேடு பள்ளத்தைச் சொல்லும் படம் வேறாக இருக்கிறது, நிழலுக்கு இன்னொன்று. சாட்டின் பாவாடையிலிருந்து குளோன் எடுத்தால் அதன் மினுக்கமும் கூடவே வரும், ஜீன்ஸிலிருந்து எடுத்தால் அதன் சிப்பும் பொக்கற் தையலும் புடைத்துக்கொண்டு வரும். போன வாரம் ஒருவர் வெளியிட்ட வெள்ளை வேட்டியை உற்றுப் பாருங்கள், இடுப்புக்குக் கீழே சிப் தெரிகிறது. பருத்திச் சாரன் பொலிதீன் போல மினுங்குவதை எந்த வண்ணத் திருத்தத்தாலும் மறைக்க முடியாது. பளபளப்புப் படத்தை வெறுமையாக்கிவிட்டு, மேடு பள்ளப் படத்தில் கொசுவத்தின் மடிப்பை மட்டும் மெல்லியதாக வரைந்தபோதுதான் என் சாரன் உடம்பில் தொங்கத் தொடங்கியது.

முன்னர் வெளியிட்ட என் சாரனைத் தரவிறக்கியவர்களுக்கு: திருத்திய கோப்பைப் போடுவதற்கு முன் பழையதை மொட்ஸ் கோப்புறையிலிருந்து (தரவிறக்கியவற்றைப் போட்டு வைக்கும் இடத்திலிருந்து) அழித்துவிடுங்கள். முன்பு சேமித்த குடும்பங்களில் உடை காணாமற் போகக்கூடாது என்பதற்காக இன்ஸ்டன்ஸ் எண்களை மாற்றாமல் விட்டிருக்கிறேன். இரண்டும் ஒன்றாகக் கிடந்தால் விளையாட்டு ஒன்றைத்தான் எடுக்கும், அது பழையதாகவும் இருக்கலாம். கோப்பு இரண்டு வகையாகத் தரப்பட்டிருக்கிறது. வசதியான கணினி உள்ளவர்களுக்கு எல்ஆர்எல்இ, மற்றவர்களுக்குக் கோடு நகர்த்திய ஆர்எல்இ2.

திருத்திய படத்தை நேற்றுக் காக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இந்த முறை அவர் அச்சு என்று சொல்லவில்லை. கரையிலுள்ள வெள்ளைக்கோடு ஓர் இழை தடிப்பமாக இருக்கிறது என்றார். அந்தக் கோடு நான்கு பிக்சல். மூன்றாக்கினால் சதுர எல்லை குலையும். எல்ஆர்எல்இ கோப்பில் மட்டும் மூன்றாக்கி, இந்தப் பதிவின் கீழ் மறுபடியும் இணைக்கிறேன்.