மெக்சிகோவின் எரிவாயுக் குழாய் திரும்பிய திசை

எண்ணெய் வளம் கொண்ட வளரும் நாடு ஒன்று வல்லரசோடு பேரம் பேசுவதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், 1953-இல் ஈரானில் எண்ணெயை நாட்டுடைமையாக்கிய பிரதமர் மொசாதெக் கவிழ்க்கப்பட்டதையோ 1973-இல் அரபு நாடுகள் எண்ணெய் தர மறுத்ததையோதான் நாம் எடுத்துக்காட்டுகிறோம். முதலாவதில் விற்பவர் நசுக்கப்பட்டார். இரண்டாவதில் வாங்குபவர் திணறினார். நாடகத்தன்மை மிகுந்த இந்த இரண்டு நிகழ்வுகளையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் எண்ணெய் வியாபாரத்தின் அன்றாடப் பேரம் ஆயிரம் கன அடிக்கு எத்தனை டாலர், குழாய் எந்த ஊர் வரை, வட்டி எந்தத் தேதியில் என்ற கேள்விகளைச் சுற்றியே நடக்கிறது. அதைப் புரிந்துகொள்ள 1977 முதல் 1982 வரையிலான மெக்சிகோவைப் படிப்பது மேல் என்பது என் எண்ணம். அந்த ஐந்தே ஆண்டுகளில் அந்நாட்டின் எண்ணெய் இருப்பு பல மடங்கு பெருகியது. அதே ஐந்து ஆண்டுகளில் பேரம் பேசும் பலம் கரைந்து போனது. இந்த முரணை விளக்காமல் வளத்தைப் பற்றியும் இறையாண்மையைப் பற்றியும் பேசுவது பயனற்றது.

1938 மார்ச் 18-இல் குடியரசுத் தலைவர் லாசரோ கார்தெனாஸ் வெளிநாட்டு எண்ணெய் நிறுவனங்களின் சொத்துகளை நாட்டுடைமையாக்கினார். இழப்பீட்டு நிதிக்காகப் பெண்கள் நகைகளையும், நகை இல்லாதவர்கள் கோழிகளையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அரசு நிறுவனமான பெமெக்ஸ் அப்படிப் பிறந்தது. ஆகவே அங்கே எண்ணெய் விலையைக் குறைத்து விற்றார் என்று ஓர் அதிகாரியின் மீது பழி விழுந்தால், அது கணக்கில் நேர்ந்த பிழையாகப் பார்க்கப்படுவதில்லை; பாட்டி கொடுத்த கோழியை விற்றுத் தின்றவராகவே அவர் பார்க்கப்படுகிறார். பின்னால் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இந்த உணர்ச்சியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

1976 ஆகஸ்டு இறுதியில் மெக்சிகோவின் நாணயமான பெசோவின் மதிப்பு குறைக்கப்பட்டு, பன்னாட்டு நிதியத்தின் நிபந்தனைகளை ஏற்றுக்கொண்ட நிலையில், அந்த ஆண்டு டிசம்பரில் ஹோசே லோபஸ் போர்த்தியோ குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். சியாபாஸ், தபாஸ்கோ மாநிலங்களில் ரெஃபோர்மா எண்ணெய் வயல்கள் அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் தெரியவந்திருந்தன. காம்பெச்சே கடற்பகுதியில் காந்தரெல் என்ற பெரும் வயலும் 1976-இல் கண்டறியப்பட்டது. (கடலில் எண்ணெய் மிதப்பதைப் பார்த்துச் சொன்ன மீனவரின் பெயர் அது. வயலுக்குத் தலைவர்களின் பெயரைச் சூட்டாமல் மீனவரின் பெயரை வைத்தார்கள் என்பதற்காகவே பெமெக்ஸ் மீது எனக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு.) ரெஃபோர்மா வயல்களில் எண்ணெயோடு சேர்ந்து எரிவாயுவும் வெளிப்பட்டது. எண்ணெயைத் தொட்டியில் சேர்த்து வைக்கலாம், கப்பலில் ஏற்றி எந்தத் துறைமுகத்துக்கும் அனுப்பலாம். எண்ணெயோடு வரும் எரிவாயுவுக்கு அந்த வசதி கிடையாது. கொண்டுபோகக் குழாய் இல்லையென்றால் கிணற்றின் அருகிலேயே கொளுத்திவிட வேண்டியதுதான்.

பெமெக்ஸ் தலைவர் ஹோர்ஹே தியாஸ் செரானோ இதற்கு ஒரு பெரிய திட்டத்தைக் கொண்டுவந்தார். சியாபாஸின் காக்தூஸ் என்ற இடத்திலிருந்து அமெரிக்க எல்லையில் உள்ள ரெய்னோசா வரை, ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல், 48 அங்குல விட்டத்தில் ஒரு குழாய்ப்பாதை. அதன் வழியாக நாளொன்றுக்கு 200 கோடி கன அடி எரிவாயு. 1977 ஆகஸ்டில் ஆறு அமெரிக்க எரிவாயு நிறுவனங்கள் ஆயிரம் கன அடிக்கு 2.60 டாலர் தருவதாக விருப்பக் கடிதத்தில் கையெழுத்திட்டன. அந்த விலைக்கு ஒரு நியாயமும் இருந்தது. அதே அளவு வெப்பத்தைத் தரும் எரியெண்ணெய் நியூயார்க் துறைமுகத்தில் என்ன விலைக்குப் போகிறதோ, அதை ஒட்டியே எரிவாயுவின் விலையும் அமைய வேண்டும் என்று மெக்சிகோ கேட்டது.

அமெரிக்க எரிசக்தித் துறைச் செயலர் ஜேம்ஸ் ஷ்லெசிங்கர் இதற்கு ஒப்புதல் தரவில்லை. அவரை ஆணவக்காரர் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. மெக்சிகோவில் பலர் அப்படித்தான் எழுதினார்கள். அவர் இருந்த இடத்திலிருந்தும் ஒரு முறை பார்க்க வேண்டும். கனடா அப்போது 2.16 டாலருக்கு எரிவாயு விற்றுக்கொண்டிருந்தது. உள்நாட்டு எரிவாயுவுக்கு 1.75 டாலர் உச்சவரம்பு வைக்கலாம் என்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ட்டரின் அரசு நாடாளுமன்றத்தில் மன்றாடிக்கொண்டிருந்தது. மெக்சிகோவுக்கு 2.60 கொடுத்தால் மறுநாளே கனடா கேட்கும், டெக்சாஸ் கிணற்று முதலாளிகள் கேட்பார்கள், மசோதா கவிழும். ஷ்லெசிங்கரின் கணக்கில் மெக்சிகோ ஒரு சிறு உருப்படி. வல்லரசோடு பேரம் பேசும் நாடுகள் பெரும்பாலும் தவறவிடுவது இந்த இடத்தைத்தான் என்று நினைக்கிறேன். எதிரில் இருப்பவர் நம்மை ஏமாற்றத் திட்டம் தீட்டுகிறார் என்று நாம் கொதிக்கிறோம். அவரோ தம் ஊர்ச் சண்டையில் மூழ்கி, நம்மைப் பற்றி யோசிக்கவே நேரமில்லாமல் இருக்கிறார். இரண்டாவது நிலைதான் அதிக அவமானம் தருவது.

இதற்கிடையே செனட்டர் அட்லாய் ஸ்டீவன்சன், விலை நியாயமாகும் வரை குழாய்ப்பாதைக்கு அமெரிக்க ஏற்றுமதி இறக்குமதி வங்கி கடன் தரக் கூடாது என்று கொடி பிடித்தார். மெக்சிகோவோ ஒப்பந்தம் உறுதியாவதற்கு முன்பே குழாய் பதிக்கும் வேலையைத் தொடங்கியிருந்தது. வாங்குபவர் ஒருவரே இருக்கும் சந்தையை நோக்கிச் சொந்தச் செலவில் சாலை போட்டுவிட்டு, அதன் பிறகு விலை பேச உட்காருவது எந்த ஊர் வியாபாரப் புத்தி என்று எனக்கு விளங்கவில்லை. பொறியாளரும் இடதுசாரித் தலைவருமான எபெர்த்தோ காஸ்தியோ இதை அப்போதே கடுமையாகச் சாடினார். எரிவாயுவை உள்நாட்டுத் தொழிலுக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் வாதம். அவரைக் கனவுக்காரர் என்று ஒதுக்கினார்கள்.

1977 டிசம்பர் 31-இல் விருப்பக் கடிதம் காலாவதியானது. மெக்சிகோ அதை நீட்டிக்கவில்லை. ஏணியை உருவிவிட்டார்கள், சுவரில் வண்ணம் பூசும் தூரிகையைப் பிடித்துக்கொண்டு தொங்கும்படி விட்டுவிட்டார்கள் என்ற பொருளில் தம் மக்கள் மொழியின் ஒரு வழக்கை லோபஸ் போர்த்தியோ சொன்னார். அவமானம் பேச்சில் தெரிந்தாலும் செயலில் அவர் நிதானம் இழக்கவில்லை. குழாயின் திசையை மாற்றினார். அது எல்லையைத் தொடாமல் மான்டெரே தொழில்நகரம் நோக்கித் திரும்பியது. ஆலைகள் எரியெண்ணெயை விட்டு எரிவாயுவுக்கு மாறின. அப்படி மிச்சமான எரியெண்ணெயைக் கப்பலில் ஏற்றி விரும்பிய நாட்டுக்கு விற்க முடிந்தது. ஒரே ஒருவருக்கு மட்டும் விற்கக்கூடிய பொருளை, எவருக்கும் விற்கக்கூடிய பொருளாக மாற்றிய தந்திரம் இது. காஸ்தியோ சொன்னதில் பாதியை அவர் பெயரைச் சொல்லாமலேயே செய்தார்கள் என்றும் கொள்ளலாம். அந்த ஐந்து ஆண்டுகளில் மெக்சிகோ செய்த ஆகச் சிறந்த பேரம் இதுதான் என்பேன்.

1979 ஜனவரியில் ஈரானின் மன்னர் ஷா நாட்டைவிட்டு ஓடினார்; எண்ணெய்ச் சந்தை இறுகியது. பிப்ரவரியில் ஜிம்மி கார்ட்டர் மெக்சிகோ நகரத்துக்கு வந்தார். விருந்தில் எழுந்த லோபஸ் போர்த்தியோ, நிரந்தர அண்டை வீட்டாருக்கிடையே திடீர் ஏமாற்றும் துஷ்பிரயோகமும் நஞ்சுக் கனிகள் என்று முகத்துக்கு நேரே சொன்னார். பதிலுரையில் கார்ட்டர், முன்பொருமுறை மெக்சிகோ வந்தபோது தமக்கு வயிற்றுப்போக்கு கண்டதை வேடிக்கையாகச் சொன்னார். ராஜதந்திர வரலாற்றில் இதைவிட மோசமான பதிலுரை இருக்குமா என்று தெரியவில்லை. ஆயினும் பேச்சு தொடர்ந்து, செப்டம்பரில் ஆயிரம் கன அடிக்கு 3.625 டாலர் என்று முடிவானது. மறுத்துவிட்டுக் காத்திருந்ததில் விலை ஏறத்தாழ 40 விழுக்காடு கூடியது.

வெற்றி என்று கொண்டாடுவதற்கு முன் அளவைப் பார்க்க வேண்டும். ஒப்புக்கொண்டது நாளொன்றுக்கு 30 கோடி கன அடி மட்டுமே. பழைய திட்டப்படி நாளொன்றுக்கு 52 லட்சம் டாலர் வந்திருக்கும். புதிய ஒப்பந்தத்தில் வந்தது சுமார் 11 லட்சம் டாலர். விலையில் வென்று வருமானத்தில் ஐந்தில் நான்கு பங்கைக் கைவிட்டார்கள். இருந்தாலும் இது தோல்வியாகாது என்பது என் நிலை. எஞ்சிய எரிவாயுவில் பெரும்பகுதி உள்நாட்டு ஆலைகளை ஓட்டியது. அந்தப் பயன் சுங்கக் கணக்கில் தெரியாது என்பதற்காக அது இல்லை என்றாகிவிடாது.

அந்தக் காலத்தில் மெக்சிகோ செய்த வேறு சில காரியங்களும் புத்திசாலித்தனமானவையே. எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக்கில் அது சேரவில்லை. அமெரிக்காவின் 1974 வர்த்தகச் சட்டம், எண்ணெய்த் தடையில் பங்கெடுக்காத வெனிசுலாவையும் எக்வடோரையும்கூட ஒபெக் உறுப்பினர் என்ற காரணத்துக்காகவே வரிச்சலுகையிலிருந்து விலக்கியிருந்தது; வெளியே நின்றுகொண்டே ஒபெக் விலையை வாங்க முடியும்போது உள்ளே போக வேண்டிய அவசியம் என்ன? எந்த ஒரு நாட்டுக்கும் மொத்த எண்ணெய் ஏற்றுமதியில் பாதிக்கு மேல் விற்கக் கூடாது என்று 1980-இல் வரம்பு வைத்தார்கள். அதே ஆண்டில் வெனிசுலாவோடு சேர்ந்து, மத்திய அமெரிக்க, கரீபிய நாடுகளுக்கு நாளொன்றுக்கு 1,60,000 பீப்பாய் எண்ணெயைச் சலுகைக் கடனோடு தரும் சான் ஹோசே உடன்பாட்டையும் செய்தார்கள்.

சறுக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. எண்ணெய் இருப்பு பெருகப் பெருக வங்கிகள் வரிசையில் நின்று கடன் கொடுத்தன. 1981-இல் உறுதிசெய்யப்பட்ட இருப்பு 7,200 கோடி பீப்பாய் என்று அறிவிக்கப்பட்டது. நாட்டின் அந்நியக் கடன் 1982-இல் 8,000 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. ஏற்றுமதி வருமானத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு எண்ணெயை நம்பியிருந்தது. இருப்பு நிலத்துக்கு அடியில் இருக்கிறது, வட்டி மாதந்தோறும் வருகிறது என்ற சாதாரண உண்மையை ஒரு நாட்டின் நிதியமைச்சகமே மறந்துவிடக் கூடும் என்பது இன்றும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

1981 ஜூனில் உலகச் சந்தை தளர்ந்தபோது தியாஸ் செரானோ பீப்பாய்க்கு 4 டாலர் குறைத்தார். சந்தையைப் பொறுத்தவரை அது சரியான முடிவு. கோழி கொடுத்த பாட்டியின் நாட்டில் அது துரோகமாகத் தெரிந்தது. சில நாட்களிலேயே அவர் பதவி விலக நேர்ந்தது. அடுத்து அமைச்சர் ஹோசே ஆந்த்ரேஸ் தே ஓத்தேய்சா, குறைத்ததில் 2 டாலரைத் திரும்ப ஏற்றினார். வாங்க மறுப்பவர்கள் பின்னால் வந்து கேட்டால் எண்ணெய் கிடைக்காது என்றும் எச்சரித்தார். வாடிக்கையாளர்கள் சத்தம் போடாமல் விலகினார்கள். ஜூலை ஏற்றுமதி பாதிக்கும் கீழே விழுந்தது. ஆகஸ்டில் விலை மறுபடி இறங்கியது. 1977-இல் சொன்ன அதே மறுப்பைத்தான் 1981-இலும் சொன்னார்கள். அன்று காத்திருக்க முடிந்தது. இம்முறை கடன் தவணை காத்திருக்கவில்லை.

1982 ஆகஸ்டு 13-இல் நிதியமைச்சர் ஹெசூஸ் சில்வா ஹெர்சோக், கஜானா காலியாகிவிட்டதைச் சொல்ல வாஷிங்டனில் நின்றார். அமெரிக்கா 100 கோடி டாலரை எண்ணெய்க்கான முன்பணமாகத் தர முன்வந்தது. எண்ணெய் அமெரிக்காவின் அவசரகால இருப்புக் கிடங்குக்குப் போக வேண்டும். அதற்கு 10 கோடி டாலர் கட்டணம் என்றார்கள். லோபஸ் போர்த்தியோ கொதித்துப்போய் அமைச்சரைத் திரும்பி வரச் சொன்னார். கடைசியில் கட்டணம் 5 கோடியாகக் குறைந்தது. எண்ணெய் விலையில் கொடுத்த தள்ளுபடியையும் சேர்த்துப் பார்த்தால் உண்மையான வட்டி 30 விழுக்காட்டுக்கு மேல் என்று பின்னர் கணக்கிட்டார்கள். 7,200 கோடி பீப்பாய் இருப்பு வைத்திருந்த நாடு, அடகுக்கடைக்காரர் சொன்ன கட்டணத்தைப் பாதியாக்க முடிந்ததையே ஆறுதலாகக் கொள்ள வேண்டியிருந்தது.

அமெரிக்காவின் பேராசையை நான் மூடி மறைக்கவில்லை. மூழ்குகிறவரிடம் கட்டணம் கேட்பது கேவலம்தான். ஆனால் 1977-இலும் எதிரில் இருந்தது அதே அமெரிக்கா. அப்போது அதனிடம் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டுக் குழாயைத் திருப்ப முடிந்தது. எண்ணெய் கண்டெடுத்த கயானாவையும் எரிவாயு கண்டெடுத்த மொசாம்பிக்கையும் பற்றி இன்று எழுதுகிறவர்கள் எத்தனை பீப்பாய், எத்தனை கன அடி என்பதையே முதல் வரியில் எழுதுகிறார்கள். அந்த நாட்டின் அடுத்த வட்டித் தவணை எப்போது, குழாயோ கப்பலோ எத்தனை வாடிக்கையாளர்களிடம் போய்ச் சேர முடியும் என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன்.

மெக்சிகோவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே எரிவாயுக் குழாய்கள் இன்றும் உண்டு; பல உண்டு. நாளொன்றுக்கு 600 கோடி கன அடிக்கும் மேல், அதாவது 1977-இல் விற்க நினைத்ததைப் போல மூன்று மடங்கு, அவற்றில் பாய்கிறது. வடக்கிலிருந்து தெற்காக. டெக்சாஸின் மலிவான எரிவாயுவை நம்பி மெக்சிகோவின் மின் நிலையங்கள் ஓடுகின்றன. 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் பனி உறைந்து கிணறுகள் முடங்கியபோது, மாநிலத்தை விட்டு எரிவாயு வெளியே போகக் கூடாது என்று ஆளுநர் ஆணையிட்டார். அந்த வாரம் வட மெக்சிகோவில் 47 லட்சம் மின் இணைப்புகள் இருண்டன. லோபஸ் போர்த்தியோ குழாயைத் திருப்பி அனுப்பிய மான்டெரேயும் அந்த இருளில் இருந்தது.