விமானத்தையும் ரிக்கையும் கதவில் வைத்து ஒப்பிடுவோம்

ஸ்கைடைவிங் செய்கிறவர்கள் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் பேச்சு இரண்டு விஷயங்களில் வந்து நிற்கும். எந்த விமானம் நல்ல விமானம், யார் முதுகில் எந்த ரிக் (பாராசூட் பை). ட்வின் ஆட்டரா கேரவனா என்று ஒரு சண்டை. வெக்டரா ஜாவலினா என்று ஒரு சண்டை. பாராசூட் துணிக்கு வந்தால் சேபரா சஃபையரா பைலட்டா என்று இரவு வரை போகும். எனக்கு இந்தப் பேச்சு ரொம்பப் பிடிக்கும். ஃப்ளோரிடாவில் டிலேண்ட் பக்கம் குதிக்கிறவனுக்கு அது பிடிக்காமல் போகாது. வெக்டர் செய்கிற யுனைடெட் பாராசூட் டெக்னாலஜிஸும், சேபர் செய்கிற பெர்ஃபார்மன்ஸ் டிசைன்ஸும் அந்தச் சின்ன ஊரில்தான் இருக்கின்றன. அங்கே டீக்கடைப் பேச்சே கனோபி, அதாவது பாராசூட் துணி பற்றிய பேச்சுதான்.

ஆனால் இந்த ஒப்பீட்டை நாம் செய்கிற விதத்தில் எனக்கு ஒரு பெரிய குறை இருக்கிறது. விமானத்தைத் தனியாக எடைபோடுகிறோம்: எத்தனை நிமிடத்தில் 13,500 அடி ஏறும், எத்தனை பேரை ஏற்றும். ரிக்கைத் தனியாக எடைபோடுகிறோம்: எவ்வளவு சிறியது, எவ்வளவு அழகு, ஆர்டர் கொடுத்தால் எத்தனை மாதத்தில் கைக்கு வரும். இரண்டும் ஒன்றையொன்று தொடுகிற இடம் விமானத்தின் கதவு. அந்தக் கதவில் வைத்து இரண்டையும் சேர்த்து யாரும் பார்ப்பதில்லை. அங்கே வைத்துப் பார்த்தால் நம் தரவரிசைகள் பலவும் மாறிவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

குதிக்காத நண்பர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். ரிக் என்பது முதுகில் மாட்டும் பை. அதன் கீழ்ப் பகுதியில் மெயின் பாராசூட், மேல் பகுதியில் ரிசர்வ். பையின் அடியில், இடுப்புக்குச் சற்றுக் கீழே, இழுத்தால் நீளும் துணியாலான ஒரு பாக்கெட்டில் பைலட் சூட் என்ற குட்டிக் குடை இருக்கும். அதை எடுத்துக் காற்றில் வீசினால் மெயின் திறக்கும். மெயின் சரியாக விரியாவிட்டால், நெஞ்சின் வலப்பக்கம் இருக்கிற கட்அவே ஹேண்டிலை இழுத்து அதைக் கழற்றிவிட்டு, இடப்பக்கம் இருக்கிற ரிசர்வ் ஹேண்டிலை இழுக்க வேண்டும். ஆபத்தில் சட்டென்று கைக்குக் கிடைக்க வேண்டும் என்பதால் இவையெல்லாம் வெளியே தெரியும்படி இருக்கும். கைக்கு எளிதாகக் கிடைக்கிற எதுவும் கதவு விளிம்புக்கும் எளிதாகக் கிடைக்கும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

2025 செப்டம்பர் 20 அன்று ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், டல்லி என்ற ஊருக்கு மேலே நடந்ததை நம்மில் பலர் வீடியோவில் பார்த்திருப்போம். செஸ்னா கேரவன் விமானம், 15,000 அடி உயரம், 16 பேர் சேர்ந்து காற்றில் வடிவம் அமைக்கும் குதிப்பு. முதல் ஆள் கதவுக்கு வெளியே ஏறும்போது அவருடைய ரிசர்வ் ஹேண்டில் இறக்கையின் ஃபிளாப்பில், அதாவது இறக்கையின் பின் விளிம்பில் கீழே இறங்கும் பலகையில், மாட்டிக்கொண்டது. ரிசர்வ் திறந்துவிட்டது. விரிந்த துணி அவரைப் பின்னால் பிடுங்கி எறிய, வெளியே தயாராக நின்ற கேமராக்காரரும் இடிபட்டு விழுந்தார். குதித்தவரின் கால்கள் வாலின் இடப்பக்க இறக்கையில் மோதி அதைச் சேதப்படுத்தின. பாராசூட் அந்த வாலில் சுற்றிக்கொள்ள, அவர் விமானத்துக்குக் கீழே தொங்கினார்.

விமானியின் நிலையையும் யோசித்துப் பாருங்கள். மூக்கு மேலே தூக்குகிறது, வேகம் குறைகிறது, பின்னால் என்ன நடந்தது என்று தெரியவில்லை. ஸ்டால் ஆகிவிட்டது, அதாவது வேகம் போதாமல் இறக்கை தூக்கும் சக்தியை இழந்துவிட்டது என்று நினைத்து மூக்கை இறக்கி, பவரைக் கூட்டினார். வாலில் ஆள் தொங்குவது தெரிந்த பிறகு குறைத்தார். தொங்கியவர் தன்னிடம் இருந்த ஹூக் நைஃபால் (கொக்கி வடிவக் கத்தி) பாராசூட்டின் 11 லைன்களை, அதாவது கயிறுகளை, அறுத்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வாலிலிருந்து விடுபட்டு, மெயினைத் திறந்தார். ரிசர்வின் மிச்சம் அதில் சிக்கியிருந்தும் மெயின் முழுதாக விரிந்தது. சிறு காயங்களோடு தரைக்கு வந்தார். அடிபட்ட வாலோடு விமானியும் டல்லியிலேயே பத்திரமாக இறக்கினார். அந்த நாட்டின் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு டிசம்பரில் அறிக்கை வெளியிட்டபோது எல்லாரும் கத்தியைப் பற்றிப் பேசினார்கள். அது நியாயமான பேச்சு. ஆனால் அதற்கு முன்னால் ஒரு ஹேண்டிலும் ஒரு ஃபிளாப்பும் சந்தித்தன. ஹேண்டில் வேலை செய்ய வேண்டிய விதத்திலேயே வேலை செய்தது. கேரவனிலும் கோளாறு எதுவும் இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் அருமையான பொருட்கள்.

சரி, இந்தக் கண்ணோடு விமானங்களைப் பார்ப்போம்.

ட்வின் ஆட்டரை ஏன் எல்லாரும் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறார்கள்? இரண்டு டர்பைன் எஞ்சின், இருபதுக்கும் மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டு விரைவில் மேலே போகும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் அதன் கதவு. இடப்பக்கம் பின்னால், அகலமான திறப்பு. மேலே பிடித்துக்கொள்ள கம்பி, வெளியே கேமராக்காரருக்குப் படி. முக்கியமாக, வாலின் கிடை இறக்கை உடலுக்கு மேலே செங்குத்து வாலில் உயரத்தில் இருக்கிறது. கதவிலிருந்து விழுகிறவருக்கும் வாலுக்கும் நடுவே நல்ல இடைவெளி. 1965இல் முதன்முதலாகப் பறந்த ஒரு வடிவமைப்பு இன்றும் பெரிய டிராப் ஸோன்களில் (ஸ்கைடைவிங் மையங்களில்) ராஜாவாக இருக்கிறது என்றால் அந்தக் கதவுக்கும் வாலுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. கேரவன் செலவு குறைவான, உழைக்கிற விமானம். ஒரே எஞ்சின், நல்ல கதவு. ஆனால் ஃபிளாப் இறங்கியிருக்கும்போது முன்பக்கம் ஏறி நிற்கிற ஆளின் நெஞ்சு எங்கே வருகிறது என்று ஒரு முறை கவனியுங்கள்.

நியூசிலாந்தின் பி.ஏ.சி. 750 எக்ஸ்எல் ஸ்கைடைவிங்கை மனதில் வைத்தே உருவாக்கப்பட்ட விமானம். ஏறுகிற வேகத்தில் சொக்க வைக்கும். ஆனால் வால் தாழ்வு. கிங் ஏர் 90 வகையும் அப்படித்தான்: ராக்கெட் மாதிரி ஏறும், கதவு சிறியது, வால் தாழ்வு. இவற்றிலிருந்து துள்ளிக் குதிக்கக் கூடாது, கீழ்நோக்கி நழுவ வேண்டும். ஆட்டரில் பழகியவர்கள் முதல் முறை இதில் ஏறும்போது யாராவது இதைச் சொல்லியே ஆக வேண்டும். ஏறும் நேரத்தை மட்டும் வைத்துக் கிங் ஏரை ஆட்டருக்கு மேலே வைக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. மிச்சமாகிற அந்தச் சில நிமிடங்களுக்காக என் பைலட் சூட் தாழ்ந்த வாலுக்குப் பக்கத்தில் நழுவ வாய்ப்புக் கொடுக்க மாட்டேன்.

ஸ்கைவேன் பற்றிச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. பெல்ஃபாஸ்டில் ஷார்ட் பிரதர்ஸ் கட்டிய பெட்டி மாதிரியான விமானம், காது கிழிகிற சத்தம். ஆனால் பின்பக்கம் முழுவதும் திறந்துகொள்ளும். நேராக நடந்து போய் விழலாம். ஹேண்டில் உரச விளிம்பே கிட்டத்தட்ட இல்லை. முதல் முறை அதன் பின்வாசல் திறந்து வெளிச்சம் உள்ளே கொட்டும்போது வருகிற சந்தோஷத்தை எந்தப் பக்கக் கதவும் தராது.

நம்மில் பலர் தொடங்கிய செஸ்னா 182தான் உண்மையில் மிகக் கறாரான ஆசிரியர். நாலு பேரும் விமானியும். பத்தாயிரம் அடி ஏற அரை மணி நேரம்வரைகூட ஆகும். விமானிக்குப் பக்கத்தில் பின்னோக்கி உட்கார்கிறவரின் ரிக் கருவிப் பலகையில் உரசும். வலப்பக்கக் கதவு மேலே திறக்கும். படியில் கால் வைத்து, இறக்கைத் தாங்கியைப் பிடித்து, குனிந்து நெளிந்து வெளியே போக வேண்டும். அங்கே பைலட் சூட் பாக்கெட் தளர்ந்துபோயிருந்தாலோ, ரிக்கை மூடி வைக்கும் ஊசியின் மேல்மூடி சரியாக மூடாமல் இருந்தாலோ, துணி வாலுக்கு மேலே போய்விடும். அப்படிப் போனால் விமானமே விழலாம். பெரிய டர்பைன் விமானத்தில் மட்டும் குதிக்கிறவர்கள் 182ஐ மட்டமாகப் பேசுவது எனக்குப் பிடிக்காது. ரிக்கைக் காக்கிற பழக்கம் அங்கேதான் உடம்பில் ஏறும்.

அப்புறம் சீட் பெல்ட். 1992 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் பெரிஸ் வேலியில் ஒரு ட்வின் ஆட்டர் புறப்பட்டவுடன் விழுந்து 16 பேர் இறந்தார்கள். எரிபொருளில் தண்ணீர் கலந்திருந்தது ஒரு முக்கியக் காரணம். அதன் பிறகுதான் பெல்ட் போடுவதை அமெரிக்க டிராப் ஸோன்கள் தீவிரமாக எடுத்துக்கொண்டன. அந்த பெல்ட்டை நம் ஹார்னஸுக்குள் (ரிக்கை உடம்போடு பிடிக்கும் பட்டைகளுக்குள்) கோத்துத்தான் போடுகிறோம். கழற்றும்போது அவசரமாக உருவினால் அது ஹேண்டிலைத் தொட்டுவிட்டுப் போகும். விமானமும் ரிக்கும் ஒன்றையொன்று தொடுகிற இன்னொரு இடம் இது.

இப்போது ரிக்குக்கு வருகிறேன். வெக்டர், ஜாவலின், மிராஜ், இன்ஃபினிடி, ஐகான் எல்லாமே நல்ல ரிக்குகள். உடம்புக்குச் சரியாகத் தைக்கப்பட்ட எதையும் நான் தயங்காமல் மாட்டிக்கொள்வேன். மெயினைக் கழற்றிவிட 1970களில் பில் பூத் கொண்டுவந்த மூன்று வளைய அமைப்பு இன்று எல்லா ரிக்கிலும் தோளில் இருக்கிறது. பிராண்டுகளுக்கு நடுவே நாம் சண்டை போடுகிற வித்தியாசங்கள் பெரும்பாலும் தையலும் வண்ணமும்தான். உண்மையாகச் சண்டை போட வேண்டிய கேள்வி வேறு: ரிசர்வ் ஹேண்டில் உலோக வளையமா, துணித் திண்டா?

உலோக வளையம் கையுறை போட்ட கைக்கும் பதற்றத்தில் தடவுகிற கைக்கும் உடனே கிடைக்கும். பக்கத்தில் இருக்கிறவரின் கைக்கும் கதவுக்கும் பெல்ட்டுக்கும்கூடக் கிடைக்கும். துணித் திண்டு எதிலும் எளிதில் மாட்டாது, ஆனால் கட்அவே ஹேண்டிலும் அதே மாதிரி இருப்பதால் கை குழம்ப இடமுண்டு. என் தீர்ப்பு இது: தனியாகவோ இரண்டு மூன்று பேராகவோ குதிக்கிற புதியவருக்கு உலோக வளையம். வெளியே தொங்கிக்கொண்டு, ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டு, பெரிய கூட்டமாகக் கிளம்புகிறவருக்குத் துணித் திண்டு, கூடவே தரையில் கண்ணை மூடிக்கொண்டு இழுக்கிற பயிற்சி. கூட்டமாகக் குதித்துக்கொண்டு, அழகாக இருக்கிறது என்பதற்காக வளையத்தைத் தேர்ந்தெடுப்பதை என்னால் ஏற்க முடியாது.

பைலட் சூட் பாக்கெட்டைப் பற்றி யாரும் பெருமை பேசுவதில்லை. பேச வேண்டும். விமானத் தரையிலும் பெஞ்சிலும் தேய்த்துத் தேய்த்து அந்தத் துணி தளர்ந்துபோகும். புது ஹெல்மெட்டுக்குச் செலவழிக்கிற பணத்தில் ஒரு சிறு பங்கு போதும் ஒரு ரிக்கர் (ரிக்கைப் பழுதுபார்க்கிறவர்) அதை மாற்றித் தர.

கருவிகளைப் பொறுத்தவரை எனக்கு வாதமே இல்லை. 1991இல் ஜெர்மனியின் ஏர்டெக் நிறுவனம் சைப்ரஸ் என்ற தானியங்கிக் கருவியைக் கொண்டுவந்ததிலிருந்து, மயங்கியோ உயரத்தை மறந்தோ விழுந்தவர்கள் பலர் வீடு திரும்பியிருக்கிறார்கள். சுமார் 750 அடியில் இன்னும் வேகமாக விழுந்துகொண்டிருந்தால் அதுவே ரிசர்வைத் திறந்துவிடும். கழற்றிவிட்ட மெயினையே பயன்படுத்தி ரிசர்வை உருவியெடுக்கும் ஸ்கைஹுக் போன்ற அமைப்புகளும் அப்படியே. வேண்டும், அவ்வளவுதான்.

கதவைத் தாண்டியும் ஒரு விஷயம் இருக்கிறது, அதை மறைத்தால் நான் நேர்மையாக எழுதியதாகாது. 1970களில் அமெரிக்காவில் ஆண்டுக்குச் சராசரியாக 40க்கும் மேற்பட்ட ஸ்கைடைவர்கள் இறந்தார்கள். 2023இல் சுமார் 36.5 லட்சம் குதிப்புகளில் இறந்தவர்கள் 10 பேர். இன்றைய மரணங்களில் கணிசமானவை முழுதாக, நன்றாக விரிந்த கனோபியின் கீழே, தரைக்குப் பக்கத்தில் திரும்பும்போது நடக்கின்றன. எனவே சேபரா சஃபையரா என்ற கேள்விக்கு முன்னால் எத்தனை சதுர அடி என்ற கேள்வி வர வேண்டும். ரிக்கோடு சேர்த்து 180 பவுண்ட் எடையுள்ள ஒருவர் 180 சதுர அடி துணியில் இறங்கினால் விகிதம் 1.0. தொடக்க காலத்தில் அதற்கு மேலே போக வேண்டாம் என்றுதான் நல்ல பயிற்சியாளர்கள் சொல்வார்கள். 150 சதுர அடித் துணிக்கு மாறிவிட்டேன் என்று யாராவது பெருமையாகச் சொன்னால் கை தட்டாதீர்கள். காற்று இல்லாத நாளில், தெரியாத வயலில் இறங்கிக் காட்டியிருக்கிறாரா என்று கேளுங்கள்.

டிராப் ஸோன் நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. விமானம் எஞ்சின் அணைந்து நிற்கிற நேரத்தில், ஃபிளாப்பை இறக்கிவிட்டு, ரிக்கை மாட்டிக்கொண்டு கதவில் ஏறிப் பார்க்க விடுங்கள். புது ரிக் வாங்கியவர், புது விமானத்துக்கு வந்தவர், பெரிய கூட்டத்தில் முதல் முறை முன்னால் நிற்கப்போகிறவர், எல்லாரும் வெளியே ஏறி நின்று, ஹேண்டில் எங்கே எதைத் தொடுகிறது என்று ஒரு நண்பரைப் பார்க்கச் சொல்லட்டும். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், உங்கள் ரிக்கும் அந்த விமானமும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று. ஹூக் நைஃப் பிளாஸ்டிக்கில் வேண்டாம், உடைந்துவிடும். உலோகத்தில் வாங்கி, இரண்டு கைக்கும் எட்டுகிற இடத்தில் மாட்டுங்கள்.