தோட்டத்துக்கு அப்புறம் போகலாம், முதலில் டவுனுக்கு வாருங்கள்

மலேசியாவுக்கு வந்து, பத்துமலைப் படியேறி, இரட்டைக் கோபுரத்தடியில் படம் பிடித்து, கெந்திங்கில் ஒரு ராத்திரி தங்கி, நாலாம் நாள் காலை "அப்படியே தாத்தா மரம் வெட்டின தோட்டத்தையும் ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாம்" என்று கிளம்புகிறார்கள். சென்னையிலிருந்து வருகிறவர்கள் மட்டுமில்லை, கிள்ளானிலும் சிங்கப்பூரிலும் பிறந்த பேரப்பிள்ளைகளும் இப்படித்தான். பேராக் மாநிலத்து ஈப்போவிலிருந்து எங்கள் டவுனான சுங்கை சிப்புட்டுக்குச் சுமார் 30 கிலோமீட்டர். தோட்டத்துப் பாதையில் திரும்பினால் இரண்டு பக்கமும் செம்பனை, குறுக்கே ஒரு தடுப்புக் கம்பு, தமிழ் தெரியாத ஒரு காவலாளி. பத்து நிமிடம் முழித்துவிட்டுக் காடியை (காரை) திருப்பிவிடுகிறார்கள். இடம் சரிதான், வந்த வரிசைதான் தப்பு.

மரம் வெட்டுவது என்றால் இங்கே சாய்ப்பதில்லை, பட்டையைச் சீவி ரப்பர் பால் எடுப்பது. ரப்பர் மரம் பலன் தருவது 25, 30 வருடம். தாத்தா வெட்டிய மரம் சாய்ந்து, அதற்கு அடுத்ததும் சாய்ந்து, இன்று அந்த நிலத்தில் செம்பனை நிற்கிறது. அதற்கும் 25 வருடத்தில் மறுநடவு வந்துவிடும். லயங்களை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, பெரும்பாலும் இடித்தாகிவிட்டது. குலை வெட்டுகிறவர்கள் அநேகமாக இந்தோனேசியர், வங்காளதேசிகள். நம்மவர்கள் டவுனைச் சுற்றியுள்ள தாமான்களுக்கும் (குடியிருப்புப் பகுதிகளுக்கும்) மலிவுவிலை வீடுகளுக்கும் வந்து ஒரு தலைமுறையே ஆகிவிட்டது. தோட்டத்தில் மிச்சம் இருப்பது கோயிலும் சுடுகாடும்தான். ஆகவே முதலில் ஆளைத் தேடுங்கள், நிலத்தைப் பிறகு பார்க்கலாம். டவுனில் குறைந்தது மூன்று ராத்திரி தங்குங்கள். ஒரே நாளில் நாலு தோட்டம் என்று கணக்குப் போட்டு வந்தால் நாலு பூட்டிய கோயில் கதவைத்தான் பார்ப்பீர்கள்.

முதல் சிக்கல் பெயர். ஒவ்வொரு தோட்டத்துக்கும் கம்பெனி வைத்த பெயர் ஒன்று, நம்மவர்கள் கூப்பிட்ட பெயர் ஒன்று. துரையின் குணமோ, பழைய கங்காணியோ, நிலத்தின் மேடு பள்ளமோ, எதையாவது பிடித்துக்கொண்டு ஒரு தமிழ்ப் பெயர் ஒட்டியிருக்கும். அது எந்த வரைபடத்திலும் வராது, கோப்பிக்கடையில் கேட்டால்தான் தெரியும். பாட்டி "ஆறாங்கட்டை" என்று சொல்லியிருந்தால் அது ஊர்ப்பெயர் இல்லை. கட்டை என்றால் இங்கே மைல். அதே இடத்தை மலாயில் "பத்து எனாம்" என்பார்கள். பத்து என்பது அவர்களுக்குக் கல், எனாம் ஆறு. பத்தையும் ஆறையும் கூட்டிப் பதினாறாம் மைலுக்குப் போய்விடாதீர்கள்.

பழைய கடித உறை இருந்தால் கொண்டு வாருங்கள். தோட்டத்தின் பெயரும் தபால் வந்து சேர்ந்த டவுனின் பெயரும் சேர்ந்தே இருக்கும். ஆனால் அதில் உள்ள எழுத்தை அப்படியே கைப்பேசியில் தட்டினால் கிடைக்காமல் போகலாம். 1972இல் மலாய் எழுத்துமுறை மாறியது. தெலுக் ஆன்சன் 1982இல் தெலுக் இந்தான் ஆனது. கம்பெனியை வைத்துத் தேடலாமென்றால், கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி மூன்றும் 2007இல் ஒன்றாகிவிட்டன. பெயர் அவ்வளவாக மாறாத இடம் தமிழ்ப்பள்ளிதான். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி நடத்தியாக வேண்டியிருந்தது. அப்படி வந்த பள்ளிகளில் பல, கட்டடம் தாமானுக்கு மாறிய பிறகும் "லாடாங்" (மலாயில் தோட்டம்) என்ற சொல்லோடு பழைய தோட்டத்தின் பெயரைப் பலகையில் வைத்திருக்கின்றன. தோட்டமே இல்லாமல் போயிருந்தாலும் அதன் பெயர் ஒரு தாமான் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். அந்தப் பள்ளியைச் சுற்றியுள்ள வீடுகளில்தான் அந்தத் தோட்டத்து ஆட்களும் இருக்க வாய்ப்பு அதிகம்.

தமிழ்நாட்டுப் பக்கத்து ஊர்ப்பெயர் தெரியவில்லையா? தோட்டத்து எழுத்தரான கிராணி காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப்பெயரைவிடக் குலதெய்வத்தின் பெயரை நம்பலாம். கங்காணி தன் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும்தான் ஆள் சேர்த்தார். 1938இல் இந்திய அரசாங்கம் தடை போடும்வரை இது நடந்தது. அதனால் உங்கள் குடும்பத்துக்கு ஊர் மறந்து போயிருந்தாலும், அதே லயத்தில் இருந்த வேறொரு குடும்பத்துக்கு நினைவிருந்தால் பாதி வழி வந்த மாதிரி.

இனி அந்த ஆளிடம் எப்படிப் பேசுவது என்பது. பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். காலை 7 மணியிலிருந்து 9 வரை கோப்பிக்கடையில் உட்காருங்கள். கேள்வி கேட்காமல் "பசியாறியாச்சா தாத்தா?" என்று தொடங்குங்கள். ஐயா, அம்மா என்று மேடைப்பேச்சுப் பேச வேண்டாம். தாத்தா, பாட்டி, அண்ணே, அக்கா போதும். எடுத்த எடுப்பில் கைப்பேசியை மேசையில் வைத்துப் பதிவு செய்ய ஆரம்பித்தால் அவர் பேசுவது நேர்காணலாகிவிடும், உறவு பேச மாட்டார். "ரொம்பக் கஷ்டப்பட்டீங்களா?" என்று கேட்டால் "ஆமாப்பா, கஷ்டந்தான்" என்ற ஒரே பதில்தான் வரும். வேலையைப் பற்றிக் கேளுங்கள். பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பது) எத்தனை மணிக்கு? ஒரு நிரைக்கு எத்தனை மரம்? காண்டா (தோளில் சுமக்கும் கம்பு) போட்டுத் தூக்கினீங்களா, லோரி வந்து ஏத்திக்கிச்சா? பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டால் பால் கொடுக்க நடுவில் வர விடுவாங்களா? இப்படிக் கேட்டால் அவர் கை தானாகவே உளி பிடிக்கிற மாதிரி மடங்கும். கஷ்டம் அதற்குள் இருக்கிறது, அதுவாகவே வரும். கிளம்பும்போது கையில் காசைத் திணிக்காதீர்கள். அடுத்த முறை வரும்போது பழமோ பிஸ்கட்டோ வாங்கி வரலாம்.

சில விஷயங்களில் பேச்சு நின்றுவிடும், விட்டுவிடுங்கள். 1948 ஜூன் 16 அன்று இந்த வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் கொல்லப்பட்டார்கள். எல்பில் தோட்டம் அதில் ஒன்று. அதையொட்டிப் பிறந்த, கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் 1960வரை நீடித்தது. முள்கம்பி வேலி, ஊரடங்கு, வேலைக்குச் சோறு கட்டிப் போகக்கூடச் சோதனை. அப்போது சிறுபிள்ளையாக இருந்தவர்கள் இப்போதும் அதைத் தாழ்ந்த குரலில்தான் சொல்வார்கள். சாதியையும் நேராகக் கேட்காதீர்கள். தோட்டத் துண்டாடலை, அதாவது பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றதை, பற்றிக் கேட்டால் மட்டும் குரல் உயரும். சுங்கை சிப்புட்டுக்காரரும் மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்தவருமான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, 10 வெள்ளி (மலாயா டாலர்) 10 வெள்ளியாகத் தொழிலாளர்களிடம் சேர்த்துத் தோட்டம் வாங்கியது இந்த ஊர்ப் பெருமை. அந்தப் பேச்சு வந்தால் அரைநாள் ஓடும்.

மரம் வெட்டுவதைப் பார்க்க வேண்டுமென்றால் பெரிய கம்பெனிகளை விட்டுவிட்டு, இன்னும் பால்மரம் (ரப்பர்) வைத்திருக்கும் சிறு நிலக்காரர்களைப் பிடியுங்கள். முதல் நாளே சொல்லிவைத்து, விடியுமுன் போக வேண்டும். இங்கே சூரியன் எழ ஏறக்குறைய 7 மணி. இருட்டில் நெற்றி விளக்கோடு வெட்டக் காரணம் உண்டு: வெயில் ஏறினால் இலை வழியே நீர் போய், பால் குழாய்களில் அழுத்தம் இறங்கி, ஒழுக்கு சீக்கிரம் நின்றுவிடும். வெட்டு அரைச்சுற்று, இடது மேலிருந்து வலது கீழாக, சுமார் 30 பாகைச் சரிவு. பால் குழாய்கள் நேராகப் போகாமல் லேசாக வலப்பக்கம் சாய்ந்து ஏறுவதால் இந்தச் சரிவில்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். சீவுவது 2 மில்லிமீட்டர் பட்டைகூட இருக்காது. ஆழத்தில் கடைசி ஒரு மில்லிமீட்டர் அளவை விட்டுவிட வேண்டும். உளி கட்டையைத் தொட்டால் அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டு முண்டாக வளரும், மறுபடி அங்கே வெட்ட முடியாது. படத்துக்காக "நானும் ஒரு கீறல் போடட்டுமா?" என்று கேட்கிற ஆளைக் கண்டால் நிலக்காரர் முகம் சுருங்குவது இதனால்தான். இரவு மழை பெய்து பட்டை ஈரமாக இருந்தால் அன்றைக்கு வெட்டு கிடையாது, பால் கோட்டில் நிற்காமல் வழிந்துவிடும். பிப்ரவரி, மார்ச்சில் இலையுதிர்ந்து துளிர்க்கும். பால் குறைவு, பலர் வெட்டுவதே இல்லை. முழுக்கைச் சட்டை, பூட்ஸ், கொசு மருந்து மூன்றும் கட்டாயம். கட்டிப்பால் (உறைந்த ரப்பர் பால்) நாற்றத்துக்கு மட்டும் மருந்து கிடையாது.

இத்தனையும் முடியாது, ஒரே ஒரு தடவைதான் வர முடியும் என்றால் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு வாருங்கள். பிரிந்து போன குடும்பங்கள் எல்லாம் திரும்பி வருகிற நாள் அது ஒன்றுதான். மாரியம்மனோ முனியாண்டியோ மதுரைவீரனோ, தேதியைக் கோயில் செயலவையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பால்குடமும் தீமிதியும் நடக்கிற நாளுக்கு முதல் நாள் சாயங்காலமே போய், அன்னதானத்துக்குக் காய் வெட்டுகிற பாயில் உட்காருங்கள். கத்தியும் பலகையும் உங்கள் கைக்கு வந்ததும் "நீ யாரு வீட்டுப் புள்ள?" என்ற கேள்வி தானாக வரும். சாமி வந்தவரைப் படமெடுக்காதீர்கள், எடுத்தாலும் முகநூலில் போடாதீர்கள். அழைப்பிதழ் ஒன்று வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். உபயக்காரர் பெயர்கள் நாள்வாரியாக அச்சாகியிருக்கும். ஒரு தோட்டத்தின் குடும்பங்களை இவ்வளவு சுருக்கமாக வேறெங்கும் பார்க்க முடியாது.

தோட்டத்துக்குள் போக நிர்வாகியின் அனுமதி வேண்டும். பெயர், அடையாள அட்டை அல்லது கடப்பிதழ் எண், காடி எண், நாள், காரணம் எல்லாம் எழுதி முன்கூட்டியே ஆபீசில் கொடுங்கள். அனுமதி கிடைத்துச் சுடுகாட்டுக்குப் போவதானால், அந்தத் தோட்டத்தில் வாழ்ந்த ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள், அவர் கையில் பாராங் கத்தி இருக்கட்டும். லாலான் புல் இடுப்பளவு மறைத்திருக்கும். சிமெண்டு போட்ட கல்லில் மட்டும்தான் பெயர் நிற்கும், மற்றதெல்லாம் மண்மேடு. எது யாருடையது என்று அவருக்குத்தான் தெரியும்.