சாவி கொடுத்த அன்றைக்கே மார்க் போட்டுவிடுகிறோம்

போன மாதம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். இரண்டு வருடம் முன்பு நான் இன்டீரியர் செய்து கொடுத்த வீடு. வேலை முடிந்த அன்று எடுத்த படங்கள் இன்னமும் என் இணையப் பக்கத்தில் இருக்கின்றன. கூரையோரத்தில் மறைவாக ஒரே கோட்டில் ஓடும் கோவ் லைட், தூசு தும்பு இல்லாத சோஃபா, கைப்பிடியே இல்லாத வெள்ளை வார்ட்ரோப். நிறைய லைக் வாங்கிய படங்கள்.

உள்ளே நுழைந்ததும் கண்ணில் பட்டது ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதன் ஒயர் சோஃபாவுக்குப் பின்னாலிருந்து கிளம்பி, கால் தடுக்காமல் இருக்கத் தரையோடு டேப் போட்டு ஒட்டப்பட்டு, ஜன்னல் வரை போகிறது. வீட்டுக்கார அம்மா லேப்டாப்போடு உட்காருவது ஜன்னலோரம். நான் பிளக் பாயின்ட் வைத்தது எதிர்ச்சுவரில். வரைபடத்தில் மேசை அங்கேதானே இருந்தது!

வார்ட்ரோப்பைப் பார்த்தேன். தள்ளினால் திறக்கிற கதவு. தள்ளுகிற இடம் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு மங்கிப்போயிருந்தது. விரல் கறையைத் துடைத்துத் துடைத்தே அங்கே ஃபினிஷ் போய்விட்டது. "அழகாத்தான் சார் இருக்கு. ரெண்டு கையிலயும் துணி இருந்தா முழங்கையால இடிச்சுத் திறப்போம்" என்றார். குறையாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது.

எங்கள் தொழிலில் ஒரு வேலை நன்றாக வந்ததா என்று பார்க்க மூன்று கேள்விதான். பட்ஜெட்டுக்குள் முடிந்ததா, சொன்ன தேதியில் முடிந்ததா, வாடிக்கையாளருக்குப் பிடித்ததா. மூன்றையும் சாவி கொடுக்கிற அன்றே கேட்டுவிடுகிறோம். முதல் இரண்டும் வேலையை நடத்தியவருக்கான மார்க். மூன்றாவது, புது பெயின்ட் வாசனைக்கான மார்க். டிசைனுக்குப் பரீட்சையே மறுநாள்தான் ஆரம்பிக்கிறது. விருதுகளைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆளே இல்லாத அறையின் படத்தை வைத்துக்கொண்டு, அது ஆட்களுக்குச் சரிப்படுமா என்று எப்படித்தான் தீர்மானிக்கிறார்களோ.

இது நான் கண்டுபிடித்த ஞானம் இல்லை. பிரிட்டனின் கட்டடக் கலைஞர் அமைப்பான ஆர்.ஐ.பி.ஏ., முடித்துக் கொடுத்த கட்டடத்தைத் திரும்பிப் போய்ப் பார்ப்பதைத் தன் வேலைத் திட்டத்தின் கடைசிக் கட்டமாக 1960களிலேயே எழுதி வைத்தது. 1970களில் அது கழன்றுகொண்டது. 2013 திருத்தத்தில் ஏழாவது கட்டமாகத் திரும்பி வந்தது. தொழிலில் இருப்பவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. போய்ப் பார்க்கிற நேரத்துக்குப் பணம் தருவது யார்? போதாக்குறைக்கு, போனால் குறைதான் காதில் விழும்.

சரி, போய் எதைப் பார்ப்பது? பிடித்திருக்கிறதா என்று கேட்காமலே அளக்க முடியும். ரோஜர் உல்ரிக் என்ற ஆய்வாளர் 1984இல் 'சயின்ஸ்' இதழில் எழுதிய ஆய்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பித்தப்பை அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களின் பழைய பதிவேடுகளை எடுத்தார். ஜன்னலில் மரம் தெரிந்த அறையில் இருந்தவர்கள் 23 பேர், செங்கல் சுவர் தெரிந்த அறையில் இருந்தவர்கள் 23 பேர். மரம் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினார்கள். சுவர் பார்த்தவர்களுக்கு 8.70 நாள் ஆனது. கடுமையான வலி மருந்தும் மரம் பார்த்தவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. அறை அழகாக இருந்ததா என்று ஒருவரிடமும் கேட்கவில்லை.

இதற்குத் தலைகீழான கதையும் உண்டு. தடுப்புகளை எடுத்துவிட்டு ஓபன் ஆபீஸுக்கு மாறிய இரண்டு நிறுவனங்களை ஈதன் பெர்ன்ஸ்டைன், ஸ்டீபன் டர்பன் என்ற ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். சுவர் போனால் ஊழியர்கள் கலந்து பேசுவார்கள் என்பதுதானே எல்லோருடைய நம்பிக்கையும். ஊழியர்கள் அணிந்திருந்த சென்சார் காட்டியது வேறு: நேருக்கு நேர் பேசுவது சுமார் 70 சதவீதம் குறைந்து, மின்னஞ்சல் கூடியிருந்தது. அறை எதற்காக என்று முதலிலேயே எழுதி வைக்காவிட்டால், அது நடக்கவில்லை என்பதுகூடத் தெரியாது.

அதனால் இப்போதெல்லாம் வேலை தொடங்கும் முன் வாடிக்கையாளரோடு உட்கார்ந்து நாலு வரி எழுதிக்கொள்கிறேன். 'மாடர்ன் லுக்' மாதிரி இல்லை. 'பகலில் விளக்குப் போடாமல் படிக்க முடிய வேண்டும்', 'குழந்தை தன் துணியைத் தானே எடுக்க வேண்டும்' என்கிற மாதிரி. ஆறாவது மாதம் ஒரு தடவை, வெயிலும் மழையும் பார்த்து முடித்த பிறகு ஒரு தடவை போகிறேன். எப்படி இருக்கிறது என்று கேட்டால் 'சூப்பர்' என்றுதான் பதில் வரும். இவ்வளவு செலவழித்தவர் வேறென்ன சொல்வார்? காலையில் எழுந்ததும் என்னென்ன செய்வீர்களோ நடந்து காட்டுங்கள் என்கிறேன். எங்கே குனிகிறார், எங்கே சுற்றிக்கொண்டு போகிறார், எந்தச் சுவிட்சைத் தேடித் தடவுகிறார் என்று பார்த்தாலே போதும். துணி மலையாகக் குவிந்த நாற்காலியும் சுவிட்ச் போர்டில் மார்க்கரால் எழுதிய 'ஃபேன்' என்ற எழுத்தும் மிச்சத்தைச் சொல்லிவிடும். அப்புறம், வீட்டைத் துடைப்பவரிடம் கட்டாயம் கேட்பேன். ஓபன் ஷெல்ஃபைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு எந்த டிசைனருக்கும் தெரியாது.

எல்லாப் பழியும் டிசைனுக்கு இல்லை. அந்த வீட்டில் படிப்பறை இப்போது குழந்தை தூங்கும் அறை. குழந்தை பிறந்தது என் குற்றமில்லை; மேசையை நகர்த்த முடியாதபடி சுவரோடு அடித்தது என் குற்றம். குழாயை மறைக்க வேண்டி 45 செ.மீ. உயரத்துக்கு ஒரு திண்டு கட்டியிருந்தேன். சாயங்காலமானால் மொத்தக் குடும்பமும் அதில்தான் உட்காருகிறதாம். நான் நினைத்தே பார்க்காத விஷயம். பாராட்டைக் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

கிளம்பும்போது, வார்ட்ரோப்புக்குக் கைப்பிடி வைத்துவிடலாமா என்று கேட்டேன். அந்த அம்மா உள்ளே போய் ஒரு சின்ன அட்டைப்பெட்டியை எடுத்து வந்தார். உள்ளே எட்டுக் கைப்பிடி, ஸ்க்ரூவோடு. வாங்கி ஆறு மாதம் ஆகிவிட்டதாம். கதவில் துளை போட்டால் நான் வருத்தப்படுவேனோ என்று எடுத்து வைத்திருந்தாராம்.